வாட்டர்ஜெட் மேசையின் தாங்கு பட்டைகள்: பொருத்துவது, பராமரிப்பது, மாற்றுவது

உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி உலோகத்தை அறுக்கும் வாட்டர்ஜெட் எந்திரம் வந்து இறங்கும்போது பம்புக்கும், நீர் வெளிவரும் முனையான நாசிலுக்கும் பயிற்சி கொடுப்பார்கள். பிளேட்டைத் தாங்கி நிற்கும் பட்டைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு வந்த கையேட்டிலும் அதற்கு ஒரு சின்னப் பத்திதான். தேய்ந்தால் மாற்றச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவே. எந்த அளவு தேய்ந்தால், எதை வாங்கி, எப்படி மாற்றுவது என்பதை அலைந்து திரிந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புதிதாக இந்த மேசைக்கு முன்னால் நிற்கப்போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

பட்டை தேய்வதை நம்மால் நிறுத்த முடியாது. ஏறத்தாழ 4,000 பார் அழுத்தத்தில் கிளம்பும் நீர், கார்னெட் என்னும் கடின மணலோடு சேர்ந்து பிளேட்டை அறுத்துவிட்டு அடியில் வெளியே வரும்போதும் நல்ல வேகத்தோடுதான் வருகிறது. எதிரில் பட்டை இருந்தால் அதையும் அறுக்கும். அந்தத் தேய்மானம் மேசையில் எங்கே விழ வேண்டும், எவ்வளவு பரவலாக விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பட்டை பராமரிப்பில் முக்கால்வாசி இதுதான்.

1. பட்டையைத் தொடும் முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

கையேட்டிலிருந்து மூன்று அளவுகளைக் குறித்து வையுங்கள்: சதுர மீட்டருக்கு மேசை தாங்கும் எடை, பட்டை உட்காரும் காடிகளுக்கு இடையே உள்ள தூரம், பட்டைகளுக்கு அடியில் உள்ள டேங்கில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தண்ணீர் ஆழம். எடைக் கணக்கு லேசானதல்ல. 25 மி.மீ. எஃகுப் பிளேட் சதுர மீட்டருக்கு 196 கிலோ வரும், 100 மி.மீ. என்றால் 785 கிலோ. கையேட்டில் உள்ள எடை புதுப் பட்டைகளை மனத்தில் வைத்துச் சொன்னது. பாதி அறுபட்ட பட்டைக்கு அது செல்லாது.

அடுத்து பட்டையின் வரைபடம். எந்திரத்தை விற்றவர்களிடம் டிஎக்ஸ்எஃப் கோப்பாகவே (கணினி வரைபடக் கோப்பு) கேளுங்கள், அதையும் எந்திரம் வாங்கும் பேச்சு நடக்கும்போதே கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு பதில் மெதுவாகத்தான் வரும். கிடைக்காவிட்டால் புதுப் பட்டை ஒன்றை எடுத்து அளந்து வரைந்துகொள்ளலாம். தேய்ந்ததை அளக்காதீர்கள், முனையில் கொக்கி போன்ற பகுதியில் ஒரு மி.மீ. தவறினாலும் மொத்தச் செட்டும் உட்காராது.

கார்னெட்டின் பாதுகாப்புத் தகவல் தாளையும் கோப்பில் வையுங்கள். கழிவு அகற்றும்போது கேட்பார்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. மேசைச் சட்டத்தில் ஒவ்வொரு காடிக்கும் பக்கத்தில் பெயின்ட்டால் எண் எழுதி, அதே எண்ணில் நோட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். எந்தப் பட்டை எப்போது வந்தது, எப்போது திருப்பினோம், எத்தனை பம்ப் மணிநேரம் ஓடியது என்பது அங்கே இருக்கட்டும்.

2. எந்தப் பட்டை, யாரிடம்

சாதாரண எம்.எஸ். (மென் எஃகு), ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய எஃகு), எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று மூன்று வகை பழக்கத்தில் உண்டு. எஸ்.எஸ். கெட்டியானது, அதனால் நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பி அதிக விலை கொடுக்கிறவர்கள் பலர். ஜெட்டுக்கு முன்னால் எம்.எஸ்.ஸும் எஸ்.எஸ்.ஸும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அறுபடும். எஸ்.எஸ். பட்டையின் உண்மையான பயன் துரு பிடிக்காததுதான். நீங்கள் அதிகம் வெட்டுவது எஸ்.எஸ். அல்லது அலுமினியம் என்றால், துருக்கறை வேலையில், அதாவது வெட்டும் பொருளில், ஒட்டாமல் இருக்க அந்தச் செலவு நியாயமானது. எம்.எஸ். பிளேட்தான் பிழைப்பு என்றால் ஜி.ஐ. போதும்.

கனம் 3 மி.மீ. என்பது நல்ல நடுநிலை. அதைவிடத் தடித்தால் பட்டை நாள்பட உழைக்கும். ஆனால் மேல்விளிம்பு அகலமாக அகலமாக, அதில் பட்டுத் தெறிக்கும் ஜெட் வேலையின் அடிப்பக்கத்தில் அதிகமாகக் கறை போடும். மெலிந்தால் கறை குறையும், கனமான பிளேட்டை இறக்கும்போது பட்டை வளையும். ஆயுளைக் கூட்ட வேண்டுமானால் கனத்தைவிட உயரத்தைக் கூட்டுவது நல்லது, காடியும் டேங்கும் இடம்கொடுத்தால்.

இப்போது செலவு. 2 மீட்டருக்கு 2 மீட்டர் மேசை, 50 மி.மீ. இடைவெளி என்றால் சுமார் 40 பட்டைகள். 100 மி.மீ. உயரம், 3 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை 4.7 கிலோ, செட் 190 கிலோவை நெருங்கும். உங்கள் ஊர் இரும்பு விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அசல் பட்டைக்கு விலை கேட்கும்போது இந்த எண் கையில் இருந்தால் பேரம் பேச வசதி.

சொந்த எந்திரத்திலேயே பட்டை வெட்டிக்கொள்ளலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். அடுத்தடுத்த பட்டைகளுக்குப் பொதுக்கோடு வைத்து, ஒரே வெட்டில் இரண்டையும் பிரித்தாலும், நீளவெட்டு மட்டும் 80 மீட்டர். நிமிடத்துக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 160 நிமிடம். நிமிடத்துக்கு 400 கிராம் கார்னெட் என்றால் 64 கிலோ மணல். இதற்கு மேல் மிக்ஸிங் டியூபின் (நீரும் மணலும் கலந்து வெளியேறும் குழாய்) தேய்மானம், பம்ப் சீலின் தேய்மானம், அந்த நேரத்தில் ஓடியிருக்க வேண்டிய வாடிக்கையாளர் வேலை. லேசர் கடையில் கொடுத்தால் முனை வடிவத்தோடு முழுதாக வெட்டித் தந்துவிடுவார்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு. ஷியரிங்கில், அதாவது கத்தரி போல வெட்டும் எந்திரத்தில், வெட்டிய பட்டை இன்னும் மலிவு, ஆனால் ஒடுக்கமான துண்டுகள் முறுக்கிக்கொண்டு வரும். வாங்கும் இடத்திலேயே தரையில் படுக்கவைத்துப் பாருங்கள். முறுக்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டக் கொடுக்கும்போது இரண்டைச் சொல்லத் தவறாதீர்கள். முனை வடிவம் மேல்கீழ் ஒரே மாதிரி இருக்கட்டும். அப்போதுதான் பின்னால் தலைகீழாகத் திருப்பிப் போட முடியும். அப்புறம், காடிக்குள் பட்டை அரை முதல் ஒரு மி.மீ. வரை தளர்வாக நிற்கட்டும். இறுக்கமாக இருந்தால் துருவும் கார்னெட்டும் புகுந்து பிடித்துக்கொள்ளும்; அப்புறம் அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் அரைநாள் போய்விடும்.

3. பழையதை எடுப்பது

பம்பை நிறுத்தி, குழாயில் உள்ள அழுத்தத்தை இறக்கி, மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் டேங்குக்குள் கை போக வேண்டும். ஜெட் தோலைத் துளைத்தால் வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். உள்ளே தசை கிழிந்து, அழுக்குத் தண்ணீர் ஆழமாகப் போயிருக்கும். அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த நீர் துளைத்த காயம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தேய்ந்த பட்டையின் விளிம்பு ரம்பப்பல்லாக இருக்கும். துணிக் கையுறை பயன்படாது. வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும். பட்டைகள் மேல் ஏறி நிற்கவும் கூடாது. ஏறியே ஆக வேண்டுமென்றால் கெட்டிப் பலகை போட்டு, அதன்மேல் நில்லுங்கள்.

தண்ணீரைப் பட்டையின் பாதிக்குக் கீழே இறக்குங்கள். சிக்கிக்கொண்ட பட்டையைக் கிரிப் பிளையரால் பிடித்து, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி நேர் மேலாக எழுப்ப வேண்டும். சுத்தியலால் பக்கவாட்டில் தட்டாதீர்கள். பட்டை போனால் போகட்டும், காடி வளைந்தால் சட்டத்தையே வெல்டிங் பண்ண வேண்டிவரும்.

காடிகளில் இறுகிக் கிடக்கும் மணலைக் கம்பி பிரஷ்ஷாலும் தண்ணீர்க் குழாயாலும் கழுவி எடுங்கள். ஏர் கன் வேண்டவே வேண்டாம். காற்றில் பறக்கும் கார்னெட் கண்ணுக்குள் போகும், எந்திரத்தின் ரெயிலிலும் பேரிங்கிலும் போய் உட்காரும்.

4. உட்காரவைத்து மட்டம் பார்ப்பது

இங்கே நேரம் செலவழியுங்கள்.

பலரும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று முடித்துவிடுகிறார்கள். அது பூமிக்கு மட்டமா என்பதைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது வேறு: நாசில் ஓடும் தளத்துக்கும் பட்டைகளின் மேல்விளிம்புக்கும் எல்லா இடத்திலும் ஒரே தூரம் இருக்கிறதா என்பது. மேசையே லேசாகச் சரிந்திருந்து, நாசிலும் அதே சரிவில் ஓடினால் வெட்டுக்குக் கேடில்லை. ரசமட்டத்தில் கச்சிதமாக இருந்து, நாசில் தளம் வேறாக இருந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு மாதிரி வெட்டு வரும்.

ஆகவே டயல் கேஜை (நுண்ணிய உயர வித்தியாசத்தைக் காட்டும் முள் கருவி) வெட்டும் தலையிலேயே காந்தத் தாங்கியால் மாட்டுங்கள். ஒவ்வொரு நாலாவது பட்டையிலும் இரு முனை, நடு என்று மூன்று இடங்களில் முள்ளைத் தொடவைத்து எழுதிக்கொள்ளுங்கள். பிளேட்டுக்கும் நாசிலுக்கும் உள்ள இடைவெளி வழக்கமாக 1.5 முதல் 3 மி.மீ. அதில் ஒரு மி.மீ. ஏறி இறங்கினாலே மேல்விளிம்பு மழுங்கும், வெட்டின் சரிவு மாறும். மேசை முழுவதும் ஒரு மி.மீ.க்குள் வந்துவிட்டால் நான் அத்தோடு நிறுத்திக்கொள்வேன். பட்டை தேயும் பொருள் என்பதால் அதற்கும் கீழே போய்க் கஷ்டப்படுவதில் பயனில்லை. பிளேட்டின் உயரத்தை உணர்ந்து நாசிலைச் சரிசெய்யும் உயர உணரி உள்ள எந்திரமானால் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

வித்தியாசம் ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்தால் குற்றம் சட்டத்தில். சட்டத்தின் அடியில் எஸ்.எஸ். தகடு வைத்து ஏற்றுங்கள். தனித்தனிப் பட்டையில் தெரிந்தால் காடிக்குள் மணலோ பிசிறோ இருக்கும். பட்டைக்கு அடியில் தகடு செருகிச் சமாளிக்காதீர்கள். அடுத்த முறை பட்டை மாற்றும்போது அந்தத் தகடு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிளேட்டை இழுத்து நகர்த்துவதால் மேல்விளிம்பில் பிசிறு எழும். அரத்தால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் நிறைந்த டேங்கின் மேல் மின்சாரக் கிரைண்டரைப் பிடிக்காதீர்கள். கிரைண்டர்தான் வேண்டுமென்றால் பட்டையை வெளியே எடுத்துப் போட்டுச் செய்யுங்கள்.

5. இடைவெளியும் விழுந்துபோகும் துண்டுகளும்

பட்டைகளை நெருக்கி வைத்தால் சின்னத் துண்டுகள் விழாது. ஆனால் ஜெட் பட்டையில் படும் இடங்கள் கூடும், அடிப்பக்கக் கறையும் கூடும். அகட்டி வைத்தால் நேர்மாறு.

முடிவெடுக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பட்டைகளுக்குக் குறுக்காக ஒரு செவ்வகத் துண்டின் நீளம், பட்டை இடைவெளியைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், அதை எங்கே வைத்தாலும் அதன் எடைமையம் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் விழும், துண்டு சாயாது. 50 மி.மீ. இடைவெளியில் 100 மி.மீ. துண்டு நிம்மதி. 75 மி.மீ. துண்டு சில இடங்களில் நிற்கும், சில இடங்களில் ஒரே பட்டையின் மேல் சாய்ந்துகொள்ளும். சாய்ந்த துண்டின் ஒரு மூலை மேலே எழுந்து நிற்கும், வேகமாகத் திரும்பி வரும் நாசில் அதில் மோதும். உடைவது மிக்ஸிங் டியூப். விலை கேட்டால் பட்டை விலை ஒன்றுமில்லை என்று தோன்றும்.

இரண்டு மடங்குக்குக் குறைந்த துண்டுகளுக்கு டேப் விடுங்கள், அதாவது கடைசியில் கையால் ஒடித்தெடுக்கும் அளவுக்குச் சின்ன இணைப்பு. டேப் விட முடியாத நேர்த்தியான வேலைக்கும், மெல்லிய தகட்டுக்கும், பட்டைகள் மேல் நெளிப்பிளாஸ்டிக் செங்கல்களை அடுக்கி வெட்டுவது நல்லது. அதில் தெறிப்பும் குறைவு. கண்ணாடி, கல் போன்றவற்றுக்கு அடியில் முழுப்பரப்பும் தாங்க வேண்டும். பட்டைமேல் நேராக வைத்தால் விரிசல் விடும். பலகையோ பிளாஸ்டிக்கோ எதை அடியில் போட்டாலும் கிளாம்ப் போட்டு அமுக்குங்கள். தண்ணீர் மட்டத்தை உயர்த்தியதும் இவை மிதக்கப் பார்க்கும்.

6. வேலையை மேசையில் எங்கே வைப்பது

எல்லா வேலையும் முன்பக்க இடது மூலையிலேயே தொடங்கும் பழக்கம்தான் பட்டைகளைக் கொல்கிறது. அந்த மூலையில் பட்டை சல்லடையாகும். எதிர் மூலையில் புது மெருகு கலையாமல் இருக்கும். தொடக்கப் புள்ளியை வாரத்துக்கு ஒரு மூலை என்று மாற்றி, இந்த வாரம் எந்த மூலை என்பதை எந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது திசை. பட்டைக்குக் குறுக்காகப் போகும் வெட்டு ஒரு மி.மீ. அகலத்துக்கு ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். பட்டையின் மேலேயே நீளவாக்கில் ஓடும் வெட்டு, மேல்விளிம்பை முழு நீளத்துக்கும் தின்றுவிடும். நீளமான நேர்வெட்டுகள் பட்டைக்குக் குறுக்காக வரும்படி பிளேட்டைத் திருப்பி வையுங்கள். முடியாதபோது, துண்டுப் பிளேட் என்றால் 5 டிகிரி சாய்த்து வைக்கலாம். ஒரு மீட்டருக்கு 87 மி.மீ. விலகும் என்பதால் வெட்டு ஒரே பட்டையில் தங்காது.

வரையும் மென்பொருளில் பட்டைகளின் இடத்தை வெட்டப்படாத ஒரு லேயராகப் போட்டு வைப்பது மிக உதவும். வெட்டைத் தொடங்க ஜெட் பிளேட்டைத் துளைக்கும் புள்ளி எதுவும் பட்டைக்கு நேர் மேலே விழாதபடி நகர்த்த அது வழிசெய்யும். பட்டைமேல் துளைத்தால் தெறிக்கும் ஜெட் பிளேட்டின் அடியைப் பொரித்துவிடும்.

துளைக்கும் நேரத்தையும் பாருங்கள். மூன்று நொடியில் துளையும் பிளேட்டுக்கு எட்டு நொடி கொடுத்திருந்தால் மீதி ஐந்து நொடியும் கீழே இருப்பதைத்தான் துளைக்கிறது. மெதுவாக ஓடும் மூலைகள், உயர்தர வெட்டுகள் எல்லாமே இப்படித்தான். ஜெட் எங்கே தாமதிக்கிறதோ அங்கே பட்டை ஆழமாக அறுபடும்.

7. திருப்புவது

முனை ஒரே மாதிரி இருந்தால் ஒரு பட்டைக்கு நான்கு நிலைகள்: நேராக, இடம்வலம் மாற்றி, தலைகீழாக, தலைகீழாகவும் இடம்வலம் மாற்றியும். முதலில் இடம்வலம் மாற்றுங்கள். பிறகுதான் தலைகீழ்.

அவசரப்பட்டுத் தலைகீழாகப் போடக் கூடாததற்குக் காரணம் உண்டு. இரு முனையில் தாங்கி நிற்கும் பட்டைமேல் பாரம் ஏறும்போது மேல்விளிம்பு நெருக்கப்படுகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது. கீறல்கள் மேலே இருக்கும்வரை பாரம் அவற்றை மூடப் பார்க்கும். தலைகீழாகப் போட்டதும் அதே கீறல்கள் இழுபடும் பக்கத்துக்கு வந்து, வாய் பிளக்கப் பார்க்கும். அதனால் கீறல் ஆழம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் முன்பே திருப்பிவிடுங்கள். தாண்டிவிட்டால் திருப்பாமல் அப்படியே ஓட்டிக் கழித்துவிடுவது பாதுகாப்பு. திருப்பிய பட்டைகளை மெல்லிய தகடு வெட்டும் பகுதிக்கு ஒதுக்குங்கள். தடித்த பிளேட் அங்கே போக வேண்டாம்.

8. எப்போது கழிப்பது, எப்போது ஆர்டர் போடுவது

பட்டையின் வலிமை, மிச்சமிருக்கும் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 மி.மீ.யில் 50 மி.மீ. அறுபட்ட இடத்தில் பாதி வலிமை மிஞ்சாது, கால்வாசிதான் மிஞ்சும். ஆகவே பாதி ஆழத்தை எந்தக் கீறல் தொட்டாலும் அந்தப் பட்டை வெளியே. மேல்விளிம்பில் கைவிரல் அகலத்துக்கு மேல் பல் உதிர்ந்திருந்தாலும் அப்படியே. கீறல்கள் ஆழமில்லாவிட்டாலும், சின்னத் துண்டு உட்கார இடம் இருக்காது.

ஒன்றிரண்டாக அங்கங்கே மாற்றாதீர்கள். தேய்ந்தவற்றுக்கு நடுவே ஒரு புதுப் பட்டை நின்றால் அது மட்டும் உயர்ந்திருந்து, பிளேட் அதன்மேல் ஆடும். பக்கத்துப் பக்கத்தில் பத்தாகச் சேர்த்து மாற்றி, நல்ல நிலையில் எடுத்த பழையவற்றை வேறொரு தொகுதியில் ஒன்றாக வைத்துப் பயன்படுத்துங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. உங்கள் நோட்டுதான் சொல்லும்: முதல் செட் எத்தனை பம்ப் மணிநேரம் ஓடியது என்று பார்த்து, அடுத்ததில் அதன் முக்கால் பங்கு வந்ததும் ஆர்டர் போடுங்கள். மேசையில் பாதி அளவுக்குப் பட்டை எப்போதும் கிடங்கில் இருக்கட்டும். மாற்றும் வேலைக்கு இரண்டு பேர், மட்டம் பார்ப்பதையும் சேர்த்து முழு ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்றைக்கு வாடிக்கையாளருக்கு எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

9. அடியில் சேரும் சேறு

பட்டையை எடுத்த நாள்தான் டேங்கைச் சுத்தம் செய்யும் நாளும். நிமிடத்துக்கு 400 கிராம் என்றால் ஒரு மணிநேர வெட்டுக்கு 24 கிலோ மணல் அடியில் போய்ச் சேருகிறது. அது ஏற ஏற ஜெட்டின் வேகத்தைக் குடிக்கும் தண்ணீர் ஆழம் குறைகிறது. ஒரே இடத்தில் குவிந்தால் பட்டையின் அடியைத் தொட்டு, காடியையும் அடைக்கும். தானாகச் சேறு இழுக்கும் அமைப்பு உள்ள டேங்கிலும், விழுந்த துண்டுகளைத் தினமும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அதன் பம்பை அடைப்பது பெரும்பாலும் அவைதான். அடிமட்டத்தில் மெல்லிய மணல் படுகை இருப்பது டேங்கின் தரைக்குப் பாதுகாப்பு என்பதால் சுரண்டிச் சுத்தமாக எடுக்க வேண்டியதில்லை.

கார்னெட் தானாக நஞ்சு இல்லை. அதில் கலந்திருக்கும் உலோகத்தூள்தான் கேள்வி. ஈயம் கலந்த பித்தளை, குரோமியம் உள்ள எஃகு, ஜி.ஐ. பட்டையிலிருந்து வந்த துத்தநாகம் எல்லாம் அந்தச் சேற்றில் இருக்கும். சாக்கடையில் விடாமல், மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து, வந்த அறிக்கையைப் பாதுகாப்புத் தாளோடு கோப்பில் சேர்த்து, அதைக் காட்டிக் கழிவு எடுப்பவரிடம் பேசுங்கள். வெட்டும் உலோகம் மாறினால் மாதிரி மறுபடி கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் அறிக்கைக்கு நாள் பிடிக்கும் என்பதால், பட்டை ஆர்டர் போடும் அன்றே மாதிரியையும் அனுப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும்.